கோட்டுக்குக் கீழே

பிரவீன்,

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு வரி வேண்டும் என்று கேட்டிருந்தாய். "ஒரு டீச்சரா ஒனக்கு இது எப்புடி ஒதவுச்சுன்னு ரெண்டே ரெண்டு வரிம்மா. கூட ஒரு போட்டோ. அந்த நீலக் காட்டன் சேலைய கட்டிக்க, நைட்டியோட எடுத்து அனுப்பிறாத" என்றாய். நீங்கள் செய்திருக்கும் விடைத்தாள் திருத்தும் செயலியை முதன்முதலில் பயன்படுத்திய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அதனால் உங்கள் நிறுவனத்தின் பக்கத்தில் என் சொல்லையும் போடவேண்டும் என்கிறாய். முதல் வரி உடனே வந்துவிட்டது: 'என் ஞாயிற்றுக்கிழமைகளை இது எனக்குத் திருப்பிக் கொடுத்தது.' அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இரண்டாவது வரிதான் வரமாட்டேன் என்கிறது. எழுதுகிறேன், அடிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். உன் அப்பா கரண்ட் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றியபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வரிக்கா இம்புட்டுப் பாடு? புள்ளைக இப்புடி யோசிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா பேப்பரப் புடுங்கிருவியே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. நான் பாதி சொல்வதற்குள் நீ சரிசெய்ய ஆரம்பித்துவிடுகிறாய். அடுத்த மாதம் சிங்கப்பூர் போய்விடுவாய். அங்கிருந்து பேசும்போது இன்னும் வேகமாகத்தான் இருப்பாய். இப்போது எதையும் சரிசெய்யாமல், ஓரிடத்தில் உட்கார்ந்து, கடைசிவரை படி. படித்துவிட்டு இதையே உங்கள் பக்கத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. என்னைப் போல மாலை பஸ்ஸில் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி விழும் டீச்சர்கள் யாராவது படிக்கட்டும்.

போன பொங்கலுக்கு நீ வந்தபோது நான் கழுத்துப் பட்டையோடு கட்டிலில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு அறிவியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நீ ஒரு தாளை எடுத்துப் பார்த்தாய். "இத்தனையையும் ஒவ்வொரு எழுத்தா நீயே படிக்கிறியா?" என்று கேட்டாய். ஒரு மதிப்பெண் கேள்விகள் பிரச்சினை இல்லை, சொந்த நடையில் காரணம் கூறி எழுதச் சொல்லும் கேள்விகள்தான் உயிரை எடுக்கின்றன என்று சொன்னேன். ஒரே விடையை ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாக எழுதும். ஒன்று சுற்றி வளைத்துச் சரியான இடத்துக்கு வரும், இன்னொன்று நேராகத் தொடங்கித் தடம் மாறும். ஒவ்வொன்றோடும் கூடவே நடந்து போனால்தான் மதிப்பெண் போட முடியும். பொறுமையாக நடக்கும் வயதா இது எனக்கு? காலையில் அறந்தாங்கியில் பஸ் ஏறி, கடற்கரைப் பள்ளியில் இறங்கி, ஐந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுத்து, நடுவில் பயிற்சி, கணக்கெடுப்பு, இணையத்தில் பதிவேற்றம் என்று எல்லாம் முடித்து வீட்டுக்கு வரும்போது, ஒரு பிள்ளை எழுதியிருப்பது சரியா தவறா என்பதைவிட அது எப்போது முடியும் என்பதுதான் என் மனதில் ஓடும். நீ அதைப் பார்த்தாய். ஜூன் மாதம் என் ஃபோனில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தாய். அம்மாவின் கழுத்து வலிக்காக ஒரு மகன் செய்தது அது. அதை நான் மறக்கவில்லை, இனி எழுதப்போவதைப் படிக்கும்போது நீயும் மறக்காதே.

தாளைப் படம் எடுத்தால் போதும், கையெழுத்தை அதுவே படித்துவிடும். கேள்வி, விடைக்குறிப்பு, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற முறை, இவற்றை நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் மதிப்பெண்ணும் இரண்டு வரிக் குறிப்பும் வந்துவிடும். நான் பார்த்து 'ஒப்புதல்' கொடுக்கவேண்டும். தனித்தனியாகவும் கொடுக்கலாம், 'அனைத்துக்கும் ஒப்புதல்' என்று கீழே இன்னொரு பொத்தானும் உண்டு. முதல் வாரம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த 'உ' விவகாரம் நினைவிருக்கிறதா? பாதிப் பிள்ளைகள் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள். முதல் கேள்வி, சரியான விடையைத் தேர்ந்தெடு. அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகள். உன் செயலி அத்தனை பேருக்கும், 'உ என்ற விடை கொடுக்கப்படவில்லை. கேள்வியைக் கவனமாகப் படிக்கவும்' என்று எழுதிவிட்டது. வகுப்பில் வாசித்தபோது பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். சிலுவை போட்ட பிள்ளைகள் மட்டும் தப்பித்தார்கள். உனக்குச் சொன்னேன், நீயும் சிரித்தாய், அன்றைக்கே சரிசெய்தாய். எங்கள் பிள்ளைகள் தாளில் செய்கிற வேறு எதையெல்லாம் இது தப்பாகப் படிக்கக்கூடும் என்று அப்போதே நாம் இருவரும் உட்கார்ந்து யோசித்திருக்கவேண்டும். யோசிக்காமல் சிரித்துவிட்டுப் போனோம்.

நல்லதையும் சொல்லவேண்டும். அது போட்ட மதிப்பெண்ணையும் நான் பழைய பழக்கத்தில் போட்டதையும் வைத்துப் பார்த்தபோது, கோழி கிளறியது போல எழுதும் பையன்களுக்கு நான் எப்போதும் கொஞ்சம் குறைத்தே போட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அதற்கு எல்லாக் கையெழுத்தும் ஒன்றுதான். கடைசித் தாளையும் முதல் தாளைப் போலவே படிக்கிறது. அதற்குப் பசிப்பதில்லை, பஸ்ஸுக்கு நேரமாவதில்லை. பிள்ளைகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள், அவர்கள் முறையில். செயலிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஒங்க மகன்'. "டீச்சர், பேப்பர ஒங்க மகன் திருத்திட்டாரா?" என்று கேட்பார்கள். ஆகஸ்ட் மாதம் ஒருநாள் முன் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், 'ஏனெனில்' போட்டா ஒங்க மகன் மார்க் போடுறாரு" என்று ரகசியம் உடைப்பதைப் போலச் சொன்னான். அடுத்த தேர்வில் எல்லாத் தாளிலும் ஏனெனில். 'நீர் கொதிக்கிறது, ஏனெனில் அது கொதிநிலையை அடைகிறது, ஏனெனில் அது சூடாகிறது.' எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அதற்குள் நான் 'அனைத்துக்கும் ஒப்புதல்' பொத்தானுக்குப் பழகியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி, நின்று நிதானமாகக் குழம்பு வைத்து, மத்தியானம் ஒரு தூக்கமும் போட்டேன். எத்தனை வருடம் கழித்து!

இனி ஜெசிந்தாவைப் பற்றி. பத்தாம் வகுப்பு, ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்ச். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா கட்டுமாவடிக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். என் ஜாக்கெட்டுகள் எல்லாம் அவள் தைத்தவைதான். ஜெசிந்தா வகுப்பில் வாயைத் திறக்கமாட்டாள், ஆனால் தாளில் பேசுவாள். அவளுக்கு மேல்நிலையில் பயாலஜி குரூப் எடுக்கவேண்டும். அதை அவள் சொன்னதில்லை, ஆறாம் வகுப்பிலிருந்து அவள் அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

காலாண்டுத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வைத்திருந்தேன்: நீர்வாழ் உயிரினங்கள் குளிர்ந்த நீரில் அதிகம் வாழ்வதற்குக் காரணம் கூறு. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரைந்திருக்கும், வெப்பநிலை உயர்ந்தால் வாயுக்களின் கரைதிறன் குறையும், இதுதான் விடை. ஜெசிந்தா இதைச் சரியாக, தன் சொற்களில் எழுதியிருந்தாள். எழுதிவிட்டு, ஒரு கோடு போட்டு, கீழே இப்படி எழுதியிருந்தாள்: 'அப்படியென்றால் எங்கள் கடல் எப்போதும் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது. இங்கே எப்படி இவ்வளவு மீன்?'

அந்தக் கோடு என் வகுப்பின் வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே தொடங்கியது. கைதூக்கிக் கேட்க வெட்கப்படுகிற பிள்ளைகளுக்காக. விடையை எழுதி முடி, ஒரு கோடு போடு, கோட்டுக்குக் கீழே உன் சந்தேகத்தை எழுது. அதற்கு மதிப்பெண் கிடையாது, குறைக்கவும் மாட்டேன். மறுநாள் வகுப்பு அந்தச் சந்தேகங்களிலிருந்துதான் தொடங்கும். யார் கேட்டது என்று பெயர் சொல்லமாட்டேன். சில நாள் அது ஐந்து நிமிடத்தில் முடியும், சில நாள் பீரியட் முழுக்க ஓடி, பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து கதவைத் தட்டுவார். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் யாராவது ஏதாவது கற்றுக்கொண்டிருந்தால் அந்த மணி நேரங்களில்தான் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

உன் செயலி கோட்டை ஒரு கோடாகப் பார்க்கவில்லை. விடையின் தொடர்ச்சியாகவே படித்தது. ஜெசிந்தாவின் தாளுக்கு அது எழுதிய குறிப்பு: 'சரியாகத் தொடங்கியுள்ளீர்கள். ஆனால் முடிவில் முன்பு கூறியதை நீங்களே மறுக்கிறீர்கள். அடிப்படைக் கருத்தில் தெளிவு தேவை.' ஐந்துக்கு ஒன்று. எல்லாக் கேள்விக்கும் கீழே கோடு போடுகிறவள் அவள். எல்லாவற்றிலும் ஒன்று, ஒன்றரை. நான் ஒப்புதல் கொடுத்தேன். அனைத்துக்கும்.

அந்த மதிப்பெண்களை வைத்துத் தலைமையாசிரியர் மெல்லக் கற்போர் பட்டியல் தயாரித்தார். அது என்னவென்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். பட்டியலில் இருப்பவர்களைத் தனியாக உட்கார வைத்து, பாஸ் ஆவதற்கு வேண்டிய பாடங்களை மட்டும் ஒரு மெல்லிய புத்தகமாக அச்சடித்துக் கொடுத்துவிடுவோம். மற்ற பாடங்கள் அவர்களுக்கு நடத்தப்படுவதே இல்லை. அந்த மெல்லிய புத்தகத்தைப் படித்துவிட்டுப் பயாலஜி குரூப் வாங்கிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஜெசிந்தா பெயர் அதில் இருந்தது. நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கவனித்தேன், 'இந்தப் பிள்ளை ஏன் இப்படி இறங்கிவிட்டது' என்று ஒரு நிமிடம் வருத்தப்பட்டேன், அடுத்த வேலைக்குப் போனேன்.

மறுவாரம் அவள் அம்மா, கழுத்தில் அளவு நாடாவைக்கூட எடுக்காமல், ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம்புள்ள மந்தமா?"

"யாரு சொன்னா அப்புடி?"

"ஒங்க மகன் சொல்லிட்டாராம்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "ஊரே சொல்லுது டீச்சர். பேப்பரெல்லாம் ஒங்க மகன்தான் மெட்ராஸ்ல இருந்து திருத்துறாராம். பெரிய படிப்புப் படிச்ச புள்ள, தப்பாவா போடுவாரு? அதான் நான் இவளப் புடிச்சு வஞ்சேன். செல்ல நோண்டிக்கிட்டே இருந்தா மந்தமாத்தான் போவேன்னு. இவ என்னடான்னா, நான் சரியாத்தான் எழுதுனேன், நான் சரியாத்தான் எழுதுனேங்கறா. சோத்தத் தொட மாட்டேங்கறா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு ஒங்க பாடமெல்லாம் தெரியாது டீச்சர். ஆனா ஜாக்கெட்டு கோணலா இருந்துச்சுன்னா நீங்க கொண்டாந்து குடுக்குறீங்கல்ல, நானும் மூஞ்சியத் தூக்காம பிரிச்சுத் தைக்கிறேன்ல. அது மாதிரி ஒரு தடவ பிரிச்சுப் பாருங்க. அம்புட்டுத்தான்."

அன்று மாலை கட்டைப் பிரித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தாளை நானே முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஜெசிந்தாவின் தாள் மட்டுமில்லை. பட்டியலில் இருந்த பலருடைய தாள்களில் கோடு இருந்தது. பாடத்தைப் புரிந்துகொண்டு அதற்குமேல் ஒன்று கேட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து மெல்லக் கற்போர் என்று நாங்கள் எழுதியிருந்தோம். கேட்காத பிள்ளைகளுக்கு, வரிசையாக ஏனெனில் போட்ட பிள்ளைகளுக்கு, நல்ல மதிப்பெண். உடனே உனக்குத்தான் ஃபோன் செய்தேன்.

"ம்மா, மீட்டிங்ல இருக்கேன், சீக்கிரம் சொல்லு."

"கோட்டுக்குக் கீழ எழுதுனதையும் சேத்துப் படிச்சிருச்சுடா அது."

"என்ன கோடு?"

"சந்தேகக் கோடு."

"அப்புடின்னா? மார்க் போடுற முறையில அத நீ எழுதவே இல்லையேம்மா. சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்?"

நீ சொன்னது சரி. நான் எழுதிக் கொடுக்கவில்லை. மூச்சு விடுவதை யாராவது விதியாக எழுதிக் கொடுப்பார்களா? "பத்து நிமிஷம் குடு" என்றாய். சொன்னபடியே திரும்ப அழைத்தாய், குரலில் சந்தோஷத்தோடு. "முடிஞ்சுதும்மா. இனிமே கோட்டுக்குக் கீழ இருக்கறத அது கண்டுக்கவே கண்டுக்காது. பழைய தாளையும் மறுபடி ஓட்டிட்டேன், பாரு." பார்த்தேன். ஜெசிந்தாவுக்கு ஐந்துக்கு ஐந்து. நன்றி சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். வைத்த பிறகும் என் கோபம் இறங்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை, உன்மேல் எரிந்து விழாமல் இருந்ததே பெரிய விஷயம்.

திருத்திய மதிப்பெண்களோடு தலைமையாசிரியரிடம் போனேன். நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார். "டீச்சர், லிஸ்ட்டு மேல போயிருச்சு. இப்ப எறக்குனா, அப்ப மொதல்ல போட்டது என்னன்னு என்னையத்தான் கேப்பாங்க" என்றார். தப்பு என்று தெரிந்தும் அப்படியே விடுவதா என்று கேட்டேன். "மிஷின் போட்டதுங்கறதாலதான் டீச்சர் இந்தத் தடவ ஒரு பேரண்ட்டும் சண்டைக்கு வரல. நீங்க ஒண்ண மாத்துங்க, நாளைக்கு வாசல்ல கூட்டம் நிக்கும். அரையாண்டு வருதுல்ல? புள்ளைக்குத் தெறம இருந்தா தானா ஏறி வந்துரும்." நான் அதற்குமேல் வாதாடினேன். அவர் எனக்கு டீ வரவழைத்தார். மனுவாக எழுதிக் கொடுத்தேன். வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது, மேலே ஒரு காலண்டரோடு. அரையாண்டு வரை ஜெசிந்தா அந்த மெல்லிய புத்தகத்தோடு பின் அறையில் உட்கார்ந்தாள். விட்டுப்போன பாடங்களை மதிய இடைவேளையில் நான் அவளுக்கு நடத்தினேன், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

இதற்கிடையில் நீ இன்னொன்றும் செய்தாய். என் குரலில் ஏதோ சரியில்லை என்று உனக்குப் பட்டிருக்கவேண்டும். "சந்தேகத்துக்கும் அதையே பதில் சொல்ல வச்சிரவாம்மா?" என்று கேட்டு, ஜெசிந்தாவின் கேள்வியை அதனிடம் கேட்டு அனுப்பினாய். நல்ல பதில். ஆழமில்லாத கடல், அடிவரை வெயில், அதனால் செடி கொடிகள், அதனால் இரை. அலை காற்றைக் கலக்குகிறது. வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவுதான், ஆனால் மீன் வாழ முடியாத அளவுக்குக் குறைவில்லை. நான் சொல்லியிருந்தால் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டேன். அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். படித்தாள். "நல்லா இருக்கு டீச்சர்" என்றாள். மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு கேள்வியை மட்டும் வகுப்பில் போட்டிருந்தேன் என்றால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? ஒவ்வொரு பெஞ்சிலும் கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை இருக்கிறது. எந்த மாதம் மீன் கிடைக்காது, எங்கே பாசி, எங்கே சேறு என்று ஆளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை போட்டிருப்பார்கள். பாதி தப்பாகவும் இருந்திருக்கும். அந்தச் சண்டையின் நடுவில் நின்றுதான் கரைதிறனை நான் அவர்கள் மண்டையில் ஏற்றுவேன். அவள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் கேட்டாள் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

என் பங்கும் இதில் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே இருப்பதைச் செயலி பார்க்காது என்றால் நான் பார்த்திருக்கலாம். பார்ப்பேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மதிப்பெண் போட்டு முடித்த தாளைத் திரும்பப் பிரிக்கக் கை வருவதில்லை, பிரவீன். அந்த வேலை முடிந்துவிட்டது என்று உடம்பு நம்பிவிடுகிறது. ஒரு வாரம் பார்த்தேன், மறுவாரம் பாதி பார்த்தேன், பிறகு தேர்தல் பணிப் பயிற்சி வந்தது. முன்பெல்லாம் நான் மதிப்பெண் போடுவதற்காகப் படித்தேன், சந்தேகம் கூடவே கண்ணில் பட்டது. இப்போது சந்தேகத்துக்காக மட்டும் படிக்கவேண்டும். அதற்கென்று யாரும் எனக்கு நேரம் ஒதுக்கவில்லை, நானும் ஒதுக்கிக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு இது எப்படியோ தெரிந்துவிடும். வாராவாரம் கோடுகள் குறைந்தன.

உன்மேல் எனக்கு உண்மையில் எதற்குக் கோபம் என்பது அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் வரும்போதுதான் பிடிபட்டது. 'என்ன கோடு?' என்று கேட்டாயே, அதற்கு. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நாம் நார்த்தாமலை போனோம். பாறைமேல் ஒரு சுனை. அதையே நீ வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். என்னடா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாய். வாயைத் திறந்து கேட்கிற பிள்ளையே இல்லை நீ. பள்ளியிலும் அப்படித்தான், வீட்டில் என்னிடம்கூட அப்படித்தான். மறுநாள் நான் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு மாணவனுடைய தாளில், அவன் விடை முடிந்த இடத்தில், பென்சிலால் ஒரு கோணல் கோடு. கீழே உன் எழுத்தில்: 'மலைமேல யாரு தண்ணி ஊத்துறா?' அடுத்தவன் தாளில் கிறுக்கியதற்கு உன்னைத் திட்டவேண்டும். நான் சிவப்பு மையால் அங்கேயே பதில் எழுதிவிட்டு, அப்படியே உன் தலையணைமேல் வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு விடைத்தாள் கட்டிலும் எங்காவது ஒரு பென்சில் கோடு இருக்கும். தேடிக் கண்டுபிடிப்பதற்காகவே நான் தாள்களைக் கவனமாகப் படித்த காலம் உண்டு. வாய் திறக்காத என் பிள்ளைக்கு ஒரு கோடு போதுமென்றால், என் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளுக்கும் போதும் என்று அங்கேயும் கொண்டுபோனேன். அது நீ போட்ட கோடு. நீ செய்த செயலிக்கு அது தெரியவில்லை என்பதைப் பொறுத்துக்கொள்வேன். உனக்கே தெரியவில்லை என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அரையாண்டு மதிப்பெண் போன வாரம் வந்தது. ஜெசிந்தா அறிவியலில் வகுப்பிலேயே இரண்டாவது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், ஜன்னலோரத்து பெஞ்சுக்குத் திரும்பி வந்துவிட்டாள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, "நான் சொன்னேன்ல டீச்சர்" என்றார். அவள் அம்மா ஸ்வீட் டப்பாவோடு வந்து, "ஒங்க மகனுக்கும் ஒண்ணு எடுத்து வைங்க" என்றாள். எடுத்து வைத்திருக்கிறேன். நீ வருவதற்குள் உன் அப்பா தின்றுவிடுவார்.

நான் ஜெசிந்தாவின் தாளை வாங்கி நானே படித்தேன். ஒவ்வொரு விடையும் கச்சிதம். தேவையான இடத்தில் ஏனெனில், தேவையான இடத்தில் எனவே. ஒவ்வொரு விடைக்குக் கீழேயும், பழக்கத்தில், ஒரு கோடு போட்டிருந்தாள். கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அவளைக் கூப்பிட்டேன். "கீழ ஒண்ணும் எழுதலையே?"

"இப்பல்லாம் ஒழுங்கா எழுதுறேன் டீச்சர்" என்று பாராட்டுக்குக் காத்திருப்பவளைப் போலச் சிரித்தாள்.

"சந்தேகம் ஒண்ணும் வரலையா?"

கொஞ்சம் யோசித்தாள். "மொதல்ல வந்துக்கிட்டே இருக்கும் டீச்சர். இப்ப படிக்கிறப்பவே அத ஒதுக்கிருவேன். வந்துச்சுன்னா நேரம் போயிருது."

அவளுக்கு வேண்டிய குரூப் கிடைத்துவிடும். அவள் அம்மாவுக்கு வேறு என்ன வேண்டும்? எனக்கும் சந்தோஷம்தான் என்று சொல்லிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். போய் உட்கார்ந்தால் கண்ணில் நீர் வருகிறது, அதுவும் அழுகையில்லை, எரிச்சல். யாரைத் திட்டுவது என்று தெரியாத எரிச்சல். உன் செயலி அதனிடம் சொன்னதைச் செய்தது. நீ நான் கேட்டதைச் செய்தாய். தலைமையாசிரியர் அவர் நாற்காலிக்கு வேண்டியதைச் செய்தார். நான் ஞாயிற்றுக்கிழமை தூங்கினேன். எல்லாரும் அவரவர் வேலையைச் செய்துமுடித்தபோது ஒரு பிள்ளை கேட்பதை நிறுத்தியிருந்தது.

செயலியை விட்டுவிடப் போகிறேனா என்று கேட்பாய். விடமாட்டேன், என் கழுத்து விடாது. ஆனால் இந்த வாரத்திலிருந்து பத்தாம் வகுப்புத் தாள்களைப் படம் எடுப்பதற்கு முன்பே, கோட்டுக்குக் கீழே இருப்பதை மட்டும் நான் படிக்கிறேன். மதிப்பெண் போடுவதற்கு முன்னால் என்பதால் கை வருகிறது. இப்போதைக்குப் பெரும்பாலும் வெறும் கோடுகள். நேற்று ஒரு பையன் மட்டும் எழுதியிருந்தான், 'டீச்சர், இதை யார் படிக்கிறது?' என்று. இன்று காலை வகுப்பை அதிலிருந்துதான் தொடங்கினேன். நான்தான் படிக்கிறேன் என்று சொன்னேன். ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

நீ கேட்ட இரண்டு வரிகள் இதோ. 'என் ஞாயிற்றுக்கிழமைகளை இது எனக்குத் திருப்பிக் கொடுத்தது. அதற்குப் பதிலாக நான் எதைக் கொடுத்தேன் என்று பார்க்க எனக்கு அரை வருடம் ஆயிற்று.' போடுவதானால் இரண்டையும் போடு. முதல் வரியை மட்டும் வெட்டிப் போடாதே. போட்டோ உன் அப்பா எடுத்தார், நீலச் சேலைதான்.

அம்மா

————————————

சந்தேகம்: கோட்டுக்குக் கீழே ஒரு பிள்ளை எழுதுவதை டீச்சர் கண்ணுக்குக் கொண்டுவந்து காட்டிய பிறகே மதிப்பெண் போடும்படி உங்கள் செயலியைச் செய்ய முடியாதா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் அடுத்த மீட்டிங்கில், எல்லாரும் இருக்கும்போது, நீ வாயைத் திறந்து அதைக் கேட்பாயா?